பையனைக் கேட்காமல் சுன்னத் செய்யக் கூடாது என்று சட்டம் கேட்கும் மனு: கையெழுத்து வாங்கித் தரலாமா?

பந்தலூர் டீச்சர்

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம்.

எங்கள் பள்ளியில் முன்பு வேலை பார்த்த தோழி ஒருத்தி இப்போது சுல்தான் பத்தேரியில் இருக்கிறாள். அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகாத ஆண் பிள்ளைக்கு மருத்துவக் காரணம் இல்லாமல் நுனித்தோலை வெட்டினால் அது குற்றம். வெட்டியவருக்கும் சிறை, பெற்றோருக்கும் சிறை. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்கிறார்கள். பந்தலூர், சேரம்பாடி, எருமாடு பக்கம் கையெழுத்து வாங்கித் தர முடியுமா என்று என்னிடம் கேட்டாள். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தாள் கட்டு என் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது.

நான் ராவுத்தர் வீட்டுப் பெண். எனக்கு ஏழு வயதில் ஒரு மகன். மே லீவில் அவனுக்கு மார்க்கக் கல்யாணம், அதாவது சுன்னத் விசேஷம், வைத்துவிட வேண்டும் என்று மாமி பேச ஆரம்பித்துவிட்டார். மச்சானும், அதாவது என் வீட்டுக்காரர், சரி என்றுதான் இருக்கிறார். பையனுக்குச் சின்னத்தா கியர் சைக்கிள் வாங்கித் தருவதாக ஆசை காட்டியிருக்கிறார். அவன் என்னிடம் வந்து, "அம்மா, சைக்கிள் மட்டும் வாங்கிக்கலாமா? வெட்டுறது வேணாம்னு சொன்னா திருப்பிக் கேப்பாங்களா?" என்றான். என்ன சொல்ல? ஹோம்வொர்க் முடித்தாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றினேன்.

எனக்கு ஏன் இதில் இவ்வளவு உறுத்தல் என்றால், என் தம்பிக்கு இது வீட்டில் வைத்து நடந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. நிலம்பூர் பக்கமிருந்து ஒஸ்ஸான், அதாவது சுன்னத் செய்கிற நாவிதர், ஒருவர் வந்தார். மரத்துப்போக ஊசி எதுவும் கிடையாது. பெரியத்தா பின்னாலிருந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், வாயில் கற்கண்டைப் போட்டார்கள். கொல்லையில் பிரியாணி தம்மில் இருந்தது. சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தான். ராத்திரி கட்டுத்துணி நனைந்து பாய் வரைக்கும் ரத்தம். ஜீப் பிடித்துக் கிளம்பினால் எஸ்டேட் வளைவில் யானை நிற்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அது நகரும் வரை உட்கார்ந்திருந்தோம். அத்தா கட்டின் மேல் துணியை அழுத்திப் பிடித்தபடி ஸலவாத் ஓதிக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டதும் ரத்தம் நின்றுவிட்டது. தம்பி இன்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் மகனுக்கு எப்போது என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

ஆக, மனுவின் நோக்கம் எனக்குப் புரிகிறது. உடம்பு அவனுடையது, வெட்டினால் திரும்ப வராது, அவசரமும் இல்லை. ஆனால் "பெற்றோருக்குச் சிறை" என்ற வரியைப் படித்ததும் கை நின்றுவிட்டது. என் தெருவில் யாரிடம் போய் இதில் கையெழுத்துக் கேட்பது? இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய சூழ்நிலையில் இப்படி ஒரு சட்டம் வந்தால் அதை எடுத்துக்கொண்டு முதலில் எங்கள் வாசலுக்கு யார் வருவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

மற்ற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள்? நம் நாட்டுச் சட்டம் இப்போது என்ன சொல்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதச் சண்டை வேண்டாம், தயவுசெய்து.

குன்னூர் சிஸ்டர்

டீச்சர், நான் குழந்தைகள் அறுவைப் பிரிவில் நெடுங்காலம் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். சட்டம் தெரியாது. உடம்பைப் பற்றிச் சொல்கிறேன்.

பிறந்த பிள்ளைக்கு நுனித்தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும். வளர வளரத் தானாக விலகும். சிலருக்குப் பத்து வயதுக்கு மேலும் ஆகும். அது நோயில்லை. "தோல் பின்னால் போகவில்லை, டாக்டர் வெட்டச் சொன்னார்" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வெட்டத் தேவையே இருக்காது. ஸ்டீராய்டு களிம்பை சில வாரம் தடவினாலே பல பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும். வெள்ளையாகத் தழும்பு கட்டி இறுகிப்போனால், திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால், அப்போது வெட்டத்தான் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. உங்கள் தோழியின் மனுவும் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

சடங்குக்காகச் செய்தாலும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் திறந்திருக்கிறதா என்பது. அப்படிப் பிறக்கும் பிள்ளைகள் உண்டு. பின்னால் அதைச் சரிசெய்ய அந்த நுனித்தோல்தான் தேவைப்படும். அந்தத் தோலையே வெட்டி எறிந்துவிட்டு எங்களிடம் வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். சர்ஜன் தலையில் கை வைத்துக்கொள்வார். இரண்டாவது, ரத்தம் உறையாத நோய். தாய்வழி மாமன்களில் யாருக்காவது அப்படி இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். தொடர்ந்து இரண்டு பிள்ளைகள் சுன்னத்தில் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யாதே என்று யூதர்களின் மார்க்கச் சட்ட நூலான தல்மூத் சொல்கிறது. அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் தம்பிக்கு ரத்தம் நிற்காமல் போனது இதனாலா, ரத்தக் குழாயைக் கட்டாமல் விட்டதாலா என்று இப்போது சொல்ல முடியாது. உங்கள் மகனுக்கு எப்போது எந்த அறுவை என்றாலும் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

எச்.ஐ.வி. தடுக்கும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். அதற்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த மூன்று சோதனைகளில் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது உண்மை. அதை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2007இல் பரிந்துரை செய்தது, நோய் மிக அதிகமாகப் பரவியிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு. அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் தாங்களாக முன்வந்த வளர்ந்த ஆண்கள். ஏழு வயதுப் பையனுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் நன்மை கொஞ்சம் கூடுதல் என்று சொன்னது, எல்லோருக்கும் செய்யுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. நெதர்லாந்து மருத்துவர் சங்கம் 2010இல் நேர் எதிராக, காரணமில்லாமல் செய்யாதீர்கள் என்றே சொன்னது.

மலைநாடன்

அருமையான மனு. உடனே சட்டம் வரட்டும். இவங்களை எல்லாம் உள்ளே தள்ளினால்தான் திருந்துவாங்க. எத்தனை கையெழுத்து வேணும், நானே ஆயிரம் வாங்கித் தர்றேன்.

பந்தலூர் டீச்சர்

மலைநாடன், உங்கள் ஆயிரமும் வேண்டாம். உங்களுக்கு என் மகன் மேல் அக்கறை இல்லை, அவன் அத்தாவை உள்ளே தள்ளுவதில்தான் அக்கறை. நான் பயந்தது எதுவோ அதை ஒரே வரியில் எழுதிக் காட்டியதற்கு நன்றி.

சிஸ்டர், நீங்கள் சொன்ன இரண்டு விஷயமும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியிடம் படித்துக் காட்டினேன். "ரத்தம் டெஸ்ட் பண்ணிடலாம்" என்று உடனே சொல்லிவிட்டார். அந்த அளவுக்கு நகர்ந்ததே பெரிய விஷயம்.

ஊட்டி வக்கீல்

டீச்சர், முதலில் நம் நாடு. சுன்னத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது. செய் என்றும் இல்லை, செய்யாதே என்றும் இல்லை. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 89, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, காப்பாளர் சம்மதத்தின் பேரில் செய்த காரியம் குற்றமாகாது என்கிறது. மதச் சடங்கு அந்த "நன்மை"க்குள் வருமா என்பதில்தான் வாதமே இருக்கிறது. அடுத்த பிரிவு 28இல், பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் கொடுக்கும் சம்மதம் பொதுவாகச் சம்மதமாகாது என்று இருக்கிறது. ஆக, பன்னிரண்டு என்ற கோடு நம் சட்டத்திலேயே போடப்பட்டிருக்கிறது. உங்கள் தோழி பதினெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு முன் இதைப் பார்த்திருக்கலாம்.

கேரளத்தில் இதே கோரிக்கையோடு உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் தள்ளுபடி. பத்திரிகைச் செய்திகளை மட்டும் வைத்து வந்திருக்கிறீர்கள், சட்டம் இயற்றுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்பதுதான் சாரம். தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்துப் பெண் குழந்தைகளுக்குச் செய்யும் வெட்டு பற்றிய வழக்கு 2017இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 2018இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. கோர்ட்டு வழி நீளம். அரசியல் சட்டத்தில் மதச் சுதந்திரம் தரும் 25ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் மூன்றுக்கும் உட்பட்டது என்பதால், சுகாதாரத்தை முன்வைத்துச் சட்டமன்றத்தையோ நாடாளுமன்றத்தையோ கேட்பதுதான் நேர்வழி.

வெளிநாடுகளில் சிறை, தடை என்று கேட்டவர்கள் எல்லோரும் மூக்குடைபட்டுத் திரும்பியிருக்கிறார்கள். 2012 மே மாதம் ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றம், நான்கு வயது முஸ்லிம் சிறுவனுக்குச் செய்த சுன்னத் உடற்காயமே என்று தீர்ப்பளித்தது. டாக்டர் விடுவிக்கப்பட்டார், சட்டம் தெளிவாக இல்லாததால். யூதர்களும் முஸ்லிம்களும் ஒன்றாகக் கொதித்தார்கள். அதே டிசம்பரில் நாடாளுமன்றம் 434க்கு 100 வாக்கில், மருத்துவ முறைப்படி செய்தால் பெற்றோர் அனுமதிக்கலாம் என்று சட்டமே போட்டுவிட்டது. கேட்டது ஒன்று, கிடைத்தது நேர் எதிர். ஐஸ்லாந்தில் 2018இல் ஆறு ஆண்டு வரை சிறை என்று மசோதா வந்து, அதே ஆண்டு கைவிடப்பட்டது. டென்மார்க்கில் அதே 2018இல் பதினெட்டு வயது வரம்பு கேட்டு 50,000 கையெழுத்துச் சேர்த்தார்கள். நாடாளுமன்ற விவாதம் வரை போனது, சட்டமாகவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2011இல் வாக்கெடுப்புக்கே கொண்டு வந்துவிட்டார்கள். மருத்துவச் சிகிச்சையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நகரத்துக்கு இல்லை என்று நீதிபதி வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பிரசாரத்தில் யூதர்களை அரக்கர்களாக வரைந்த ஒரு படக்கதை வேறு வெளியாகி, கோரிக்கையின் பெயரே கெட்டது. மலைநாடன் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

நின்றது எது தெரியுமா? சுவீடனின் 2001ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு டாக்டர்தான் செய்யலாம். அதற்கும் சிறிய குழந்தைக்கு உரிமம் பெற்றவர் செய்யலாம். யாருக்கானாலும் மரத்துப்போக மருந்து கட்டாயம், அதை டாக்டரோ நர்ஸோதான் கொடுக்க வேண்டும். பையனின் மனதில் என்ன இருக்கிறது என்று முடிந்தவரை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், அவன் விருப்பத்துக்கு எதிராகச் செய்யக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் குழந்தைகள் சட்டமும் பதினாறு வயதுக்குக் கீழே தடுக்கிறது, ஆனால் மதத்துக்கும் மருத்துவத்துக்கும் விலக்கு வைத்து.

தேவர்சோலை பாய்

அஸ்ஸலாமு அலைக்கும் மகளே. ஜமாஅத் வேலைகளில் நெடுநாள் இருக்கிறவன் என்பதால் சொல்கிறேன். ஒப்புதல் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. மதரஸாவுக்கு அனுப்ப, தடுப்பூசி போட, பள்ளியில் சேர்க்க எதற்குப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினோம்? இப்ராஹீம் நபி காலத்திலிருந்து வருவது. அதைக் குற்றம் என்று ஒரு தாளில் எழுதினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன், யாரையும் போடவும் விட மாட்டேன்.

ஆனால் உங்கள் தம்பிக்கு நடந்தது எங்கள் தலைமுறையில் பல வீட்டில் நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இப்போது எங்கள் பக்கத்தில் பாதிப்பேருக்கு மேல் பெரிந்தல்மண்ணாவுக்கோ பத்தேரிக்கோ பிள்ளையைக் கூட்டிப்போய் டாக்டரிடம்தான் செய்கிறார்கள். ஊசி போடுகிறார்கள், மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்கும் சிறைச் சட்டம் வந்தால் என்ன ஆகும்? அந்த டாக்டர் முதல் ஆளாக "எனக்கு வேண்டாம் பாய்" என்று கதவைச் சாத்துவார். ராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மறுபடி வருவார். ரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் பயப்படுவார்கள். உங்கள் அத்தா அன்று ஜீப்பில் கொண்டு போனாரே, கேஸ் ஆகும் என்றிருந்தால் கொண்டு போயிருப்பாரா?

கிதாபும், அதாவது மார்க்கச் சட்ட நூல்கள் சொல்வதையும், சொல்லிவிடுகிறேன். ராவுத்தர்கள் நீங்கள் ஹனஃபி மத்ஹபு (சட்டப் பள்ளி), உங்களுக்கு இது சுன்னத்து, அதாவது நபிவழி, கட்டாயம் இல்லை. நாங்கள் மாப்பிள்ளைமார் ஷாஃபி, எங்களுக்கு வாஜிப், அதாவது கட்டாயக் கடமை. அந்த வாஜிபும் பாலிகான பிறகுதான், அதாவது பருவம் வந்த பிறகுதான், கடமையாகிறது. அதற்கு முன்னால் செய்வது நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அழுது திமிறுகிற பிள்ளையைப் பிடித்து அமுக்கி இந்த மே மாதமே செய் என்று எந்தக் கிதாபிலும் இல்லை. மாமிக்கு அவசரம் என்றால் அது மாமியின் அவசரம்.

எருமாடு ரியாஸ்

எனக்குப் பதினொரு வயதில் செய்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, வாட்ச் கிடைத்தது, ரெண்டு வாரம் ஸ்கூல் லீவு. இதைப் பெரிய கொடுமை என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. அதே நேரம் யாரும் என்னைக் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், என் செட்டில் எல்லாரும் செய்திருந்தார்கள். என் பையனிடம் கேட்பேனா என்றால், கேட்பேன் என்றுதான் நினைக்கிறேன். அதற்குச் சட்டம் எதற்கு என்று புரியவில்லை.

பந்தலூர் டீச்சர்

ரியாஸ், உங்களைப் போல் கேட்கிற அத்தா எல்லா வீட்டிலும் இருந்தால் சட்டம் வேண்டாம். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் வேண்டும். உங்களுக்கு வாட்ச், என் தம்பிக்கு யானைக்கு முன்னால் ஜீப். யாருக்கு எது வாய்க்கும் என்று முன்கூட்டித் தெரியாதே.

பாய், தடுப்பூசியைச் சொன்னீர்கள். அதைத் தள்ளிப்போட்டால் பிள்ளைக்கு நோய் வரும், அதனால் நாம் முடிவெடுக்கிறோம். இதைப் பன்னிரண்டு வயது வரை தள்ளிப்போட்டால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்களே கிதாபைக் காட்டிச் சொல்லிவிட்டீர்கள். டாக்டர் கதவைச் சாத்துவார் என்ற உங்கள் பேச்சுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் யோசித்தும் வரவில்லை. அதனால் சிறை என்று எழுதிய தாளோடு நான் யார் வீட்டுக்கும் போகப் போவதில்லை. தோழியிடம் போனில் சொன்னேன். கோபப்பட்டாள். சமரசம் செய்கிறாய் என்றாள். ஆமாம் என்றேன்.

ஆனால் தாளைத் திருப்பி அனுப்பவும் இல்லை. வேறு மனு எழுதியிருக்கிறேன், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் நம் எம்.எல்.ஏ.வுக்கும். டாக்டர் தவிர வேறு யாரும் செய்யக் கூடாது. மரத்துப்போக ஊசி கட்டாயம். சிஸ்டர் சொன்ன இரண்டு பரிசோதனையும் முன்கூட்டியே. பன்னிரண்டு வயதுக்குக் கீழே மருத்துவக் காரணம் இருந்தால் மட்டும். பன்னிரண்டுக்கு மேல் பையனைத் தனியாக வைத்து டாக்டரே கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தண்டனை, மீறிச் செய்தவருக்கு; பெற்றோருக்கு இல்லை. இதற்குக் கையெழுத்துக் கேட்டுச் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் நிற்க எனக்குக் கூச்சமில்லை. முதல் கையெழுத்து என் தம்பியுடையது, வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பிவிட்டான்.

மச்சான் இன்னும் போடவில்லை. மே மாதம் வேண்டாம் என்று மட்டும் ஒத்துக்கொண்டார். சைக்கிளை என்ன செய்வது என்று சின்னத்தா கேட்கிறார்.

வக்கீல் மேடம், வாசகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். "பன்னிரண்டு வயதுக்குக் கீழே" என்ற பத்தியில் பாய் சண்டைக்கு வருவார், எனக்குத் தெரியும்.

தேவர்சோலை பாய்

வருவேன். மற்ற பத்திகளுக்கு வேண்டுமானால் ஜமாஅத்தில் பேசிப் பார்க்கிறேன். ஊசி, பரிசோதனை, டாக்டர், இதில் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

ஊட்டி வக்கீல்

அப்படியானால் இரண்டு மனுவாகப் பிரியுங்கள் டீச்சர். டாக்டர், ஊசி, பரிசோதனை மூன்றும் ஒன்றில். அதில் பாய் பக்கமும் கையெழுத்து வரும். வயதும் பையனின் சம்மதமும் இன்னொன்றில், அதற்குக் குறைவாகத்தான் கிடைக்கும், பரவாயில்லை. தண்டனைப் பத்தியில் "மீறிச் செய்தவர்" என்பதற்குப் பதில் "பதிவு பெற்ற மருத்துவர் அல்லாமல் தன் கையால் வெட்டிய எவரும்" என்று போடுங்கள். இல்லாவிட்டால் கையைப் பிடித்துக்கொண்ட பெரியத்தாவும் அதில் மாட்டுவார்.